உம்மாவைப் பார்ப்பது தங்கச்சியின் வேலை மட்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் வயசான உம்மாவோ வாப்பாவோ மாமியோ இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

இதில் எங்கள் குடும்பத்து விசயம் இருக்கிறது. போடலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம். தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினோம். "போடுங்க காக்கா, என்னப் போல இன்னும் எத்தின பேர் இரிக்காங்க" என்று அவ சொன்ன பிறகுதான் போடுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவது எங்கள் உம்மாவின் நாலு பிள்ளைகளையும் சேர்த்துத்தான். எழுதுவது அந்த நாலு பேரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்.

போன வருசம் ஒரு நாள் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "உம்மாவக் காணல்ல." அவ்வளவுதான் சொன்னா. அதற்குப் பிறகு அழுகைதான்.

அடுப்பில் சோறு வடிக்கப் போன ஐந்து நிமிசத்தில் உம்மா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். செருப்பும் போடவில்லை. நாங்கள் ஆளுக்கொரு ஒழுங்கையாய் ஓடினோம். ஒருவர் பள்ளிவாசல் பக்கம், ஒருவர் சந்தைப் பக்கம், மச்சான் மோட்டார் சைக்கிளில் பிரதான வீதியால். கடைசியில் பாலத்தடியில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பிதான் உம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். தண்ணீருக்கும் உம்மாவுக்கும் பத்தடிகூட இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உம்மா அமைதியாக நின்றார். எங்களைப் பார்த்து, "பாத வந்திட்டா மகன்? வாப்பா சோறு தின்னாம வருவாரு" என்றார்.

கிண்ணியாவில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன் திருகோணமலைக்குப் போவதென்றால் பாதைதான். பாதை வரும்வரை நிற்க வேண்டும், வந்தாலும் வாகனத்தோடு நெருக்கியடித்து ஏற வேண்டும். எங்கள் வாப்பா துறைமுகத்தில் சுமை வேலை செய்தவர். சுபஹுக்குப் பிறகு போய், இருட்டுப்படும்போது அந்தப் பாதையில்தான் வருவார். உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் நிற்பார். முப்பது வருசம் அப்படி நின்ற கால்கள். வாப்பா 2007 இல் வஃபாத்தானார். பாலத்தை அவர் காணவே இல்லை. உம்மாவின் மனசில் இப்போது பாலமும் இல்லை, வாப்பாவின் மையித்தும் இல்லை. பாதை மட்டும் இருக்கிறது.

அன்று இரவு உம்மா தூங்கிய பிறகு எல்லோரும் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்தோம். காக்கா கொஞ்சம் சத்தமாகவே கேட்டார், "கதவப் பூட்டி வெக்கத் தெரியாதா?" என்று.

தங்கச்சி கோபப்படவில்லை. "காக்கா, நீங்க எல்லாரும் வந்து போறீங்க. நான் போறல்ல. அதுதான் வித்தியாசம்" என்றா.

அந்த விறாந்தையில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறோம். கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்போம். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். பெற்றோர் கடைசியில் இளைய மகளோடு இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ராத்தாவுக்கு வாப்பா முதலில் வீடு கட்டிக் கொடுத்தார். உம்மா இருந்த வளவும் வீடும் தங்கச்சிக்கு. ஆண்பிள்ளைகள் ரெண்டு பேரும் வெளியே போனோம்.

வெளியே யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லோர் மனசிலும் ஒரு கணக்கு இருந்தது: வீடு யாருக்கோ உம்மாவும் அவவுக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பிஸ்கட் பைக்கற்றும் நாலு தோடம்பழமும் கொண்டு போவோம். அரை மணித்தியாலம் இருப்போம். உம்மா அந்த நேரம் நன்றாகத்தான் பேசுவார். "உம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று தங்கச்சிக்கே சொல்லிவிட்டு வருவோம். பெற்றோரை முதுமையில் கவனிப்பது பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம். கண்கலங்கிக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறோம்.

தங்கச்சியின் ஒரு நாளை அன்றுதான் முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டோம். இரவில் மூன்று நான்கு தடவை எழும்புவது. நனைந்த விரிப்பை மாற்றிக் கழுவுவது. காலையில் ஊட்டிவிடுவது, உம்மா துப்பினால் திரும்ப ஊட்டுவது. குளிப்பாட்டும்போது யாரோ அந்நியப் பெண் தன் உடுப்பைக் கழற்றுகிறாள் என்று நினைத்து உம்மா அடிப்பது. கையில் நகக்கீறலைக் காட்டினா. இதற்கிடையில் மூன்று பிள்ளைகள், மச்சானின் சாப்பாடு. ரெண்டு வருசமாக எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. தனக்கு இருந்த சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போவதையும் ஆறு மாதமாக விட்டிருக்கிறா. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மசூறா செய்தோம். நல்லபடியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். முதல் மணித்தியாலம் சண்டைதான். உறுதிப் பத்திரம் வரை பேச்சுப் போனது. காக்கா, மாதாமாதம் காசு தருகிறேன், ஒரு ஆளை வையுங்கள் என்றார். ராத்தா, தன் முழங்காலே நிமிர்வதில்லை என்றா. எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லோருடைய உண்மையும் சேர்ந்து தங்கச்சியின் முதுகில்தான் ஏறியிருந்தது.

கடைசியில் முறை போட்டோம். ஆண்பிள்ளைகள் உம்மாவைக் குளிப்பாட்ட ஏலாது, உம்மாவுக்கும் வெட்கம், எங்களுக்கும் மார்க்க வரம்பு. எங்கள் மனைவிமாரைக் கட்டாயப்படுத்தவும் உரிமையில்லை. அவர்களுக்கும் உம்மா வாப்பா இருக்கிறார்கள். ஆனால் ஆண்கள் செய்ய ஏலாதது குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் மட்டும்தான். இரவு விழித்திருக்கலாம், விரிப்புக் கழுவலாம், சோறு ஊட்டலாம், கிளினிக் கூட்டிப் போகலாம், மருந்து எடுத்து வரலாம். "இது பொம்பிளைகள்ட வேல" என்று நாங்கள் ஒதுக்கியதில் முக்கால்வாசி வேலை அப்படிப்பட்டது. ஆகவே கிழமைக்கு ரெண்டு இரவு ஆண்பிள்ளைகள். திங்களும் வியாழனும் காலையில் ராத்தா வந்து குளிப்பாட்டுவா. தங்கச்சிக்கு அந்த ரெண்டு இரவும் அடுத்த அறையில் கதவைச் சாத்திய தூக்கம்.

எங்கள் முறை வந்த முதல் இரவு உம்மா ஐந்து தடவை எழும்பினார். ஐந்து தடவையும் வாப்பா வந்தாரா என்று கேட்டார். "வாப்பா மௌத்தாகிட்டாங்க உம்மா" என்று சொன்னோம். உண்மையைத்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர் போல உம்மா ஒப்பாரி வைத்து அழுதார். கொஞ்ச நேரத்தில் மறந்து, திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னோம். திரும்ப அழுதார். ஒரே இரவில் எங்கள் உம்மாவை மூன்று தடவை விதவையாக்கினோம். பிறகு ஒரு தாதி அம்மாதான் சொல்லித் தந்தார்: வாதாட வேண்டாம், திருத்த வேண்டாம், பேச்சை மெதுவாகத் திருப்புங்கள். இப்போது "வாப்பா என்ன சாப்பாடு விரும்புவாரு உம்மா?" என்று கேட்போம். உம்மா திருக்கைக் கறி ஆக்கும் விதத்தைச் சொல்லத் தொடங்குவார். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார்.

இனி நாங்கள் அலைந்து தெரிந்துகொண்ட விசயங்கள். உங்களுக்கும் பயன்படும்.

ஒன்று. வயசானால் மறதி வரும்தானே என்று விடாதீர்கள். நாங்கள் ரெண்டு வருசம் அப்படித்தான் விட்டோம். டிமென்ஷியா என்கிற மறதி நோய் ஒரு பக்கம். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவைகளும் மறதி போலத் தெரியலாம், அவற்றுக்கு மருந்து உண்டு. நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் காட்டினால்தான் தெரியும். பின்னேரமானால் குழப்பம் கூடுவதும் இந்த நோயின் குணம். உம்மா மஃரிபு நேரம் வெளியே போனது தங்கச்சியின் கவனக்குறைவு அல்ல என்று எங்களுக்கு விளங்கியது அப்போதுதான். காக்கா அவவிடம் மன்னிப்புக் கேட்டார்.

ரெண்டு. 60 வயது நிறைந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் முன்னுரிமை கேட்க இது உதவும். எங்கள் உம்மா 60 ஐத் தாண்டிப் பல வருசமாகியும் நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் அனுமதி அட்டைக்கெல்லாம் மாணவர்களை விரட்டும் ஆசிரியர் வீட்டுக் கதை இது.

மூன்று. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கண்ணாடி போன்றவற்றுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கங்களும் உண்டு. உங்கள் பிரிவில் அது இயங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு மட்டும் உயிர் வரும். சங்கம் நாமே போனால்தான் இயங்கும்.

நான்கு. வருமானம் குறைந்த, 70 வயதைத் தாண்டியவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 இல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இல்லாத வீட்டுக்கு இது பெரிய காசு. ஆனால் பெம்பர்ஸ் வாங்கும் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ரெண்டு கிழமையைத் தாண்டாது என்பார்.

ஐந்து. நாட்டில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தங்களைப் பராமரிக்க முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது, கைவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம் என்று அது சொல்கிறது. ஆனால் எந்த உம்மா பிள்ளைகளுக்கு எதிராக முறைப்பாடு எழுதுவார்? எங்கள் உம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்த காலத்திலும் எழுதியிருக்க மாட்டார்.

ஆறு. அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். பராமரிப்பவருக்கே மனசு தாங்காமல் போனால் 1926 மனநல உதவி இலக்கம். தங்கச்சிமாருக்கும் ராத்தாமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பைத்தியம் என்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் இருக்கிறது. இல்லாதது என்னவென்றால், உம்மாவை நாலு மணித்தியாலம் நம்பி விட்டுவிட்டு வர ஓர் இடம். தேசிய முதியோர் செயலகத்தின் உதவியோடு நாட்டின் பல பகுதிகளில் பகல்நேர நிலையங்கள் இருக்கின்றன. வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். மறதி நோய்க்கென்றே கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேசன் இயங்குகிறது. ஆனால் இந்த நோயோடு உள்ள ஒருவரை எங்கள் ஒழுங்கையிலிருந்து ஆட்டோவில் கூட்டிப் போய் விடக்கூடிய இடத்தை நாங்கள் இன்னும் காணவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாலு பேர் இருந்த எங்களுக்கே இந்த நிலை என்றால், ஒன்றும் ரெண்டும் பெற்ற நம் நிலை என்ன?

பள்ளிக்கூடத்து விசயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கிளினிக் நாளில் மட்டும் வராத பிள்ளைகள் சிலர் எங்களிடம் உண்டு. முன்பெல்லாம் கோபப்படுவோம், வரவு இடாப்பைக் காட்டி ஏசுவோம். விசாரித்தால் உம்மா வெளிநாட்டில் இருப்பார். அங்கே யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒருவரின் வயசான தாயைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். இங்கே அவருடைய தாயைப் பதினைந்து வயதுப் பிள்ளை கைபிடித்துக் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும். இப்போது நாங்கள் ஏசுவதில்லை. அந்த நாளின் பாடத்தை அடுத்த நாள் இடைவேளையில் இருத்திச் சொல்லிக் கொடுக்கிறோம். சக ஆசிரியர்களே, வரவு குறைந்த பிள்ளையிடம் "ஏன் வரல்ல" என்று கேட்பதற்கு முன் "வீட்ட யார் இருக்காங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள்.

நம் ஊரில் ஒரு மௌத்து என்றால் ஒலிபெருக்கி சொல்லி முடிக்கும் முன் வாசலில் கதிரை வந்துவிடும். கபுறு வெட்ட ஆள், குளிப்பாட்ட ஆள், கபன் துணி, அன்றைய சாப்பாடு, எதற்கும் அந்தக் குடும்பம் வாய் திறக்க வேண்டியதில்லை. இது எங்கள் ஊரின் பெருமை, அல்லாஹ் அதை நிலைக்க வைக்கட்டும். ஆனால் அதே ஆள் நாலு வருசம் படுக்கையில் கிடந்தபோது? அந்த நாலு வருசமும் அந்த வீட்டின் மருமகளோ மகளோ தனியாகத்தானே புரட்டிப் படுக்க வைத்தா? மையித்தைக் குளிப்பாட்டப் பத்துப் பேர் வருகிறோம். உயிரோடு இருப்பவரைக் குளிப்பாட்ட ஒருவர் போனால் என்ன?

பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் படுக்கையிலோ மறதியிலோ இருக்கும் முதியோர் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பது யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மௌத்தான வீடுகளில் சும்மா கிடக்கும் சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில், நடைச் சட்டம் எல்லாவற்றையும் பள்ளிவாசலில் ஒரு அறையில் சேர்த்து இரவல் கொடுங்கள். ரமழானில் உலருணவுப் பொதி கொடுக்கும்போது இந்த வீடுகளுக்கு ஒரு பெம்பர்ஸ் பைக்கற்றையும் வையுங்கள். மாதம் ஒரு பின்னேரம், பெண்கள் ரெண்டு பேர் போய், "நீங்க ஒரு ரெண்டு மணித்தியாலம் வெளிய போய்ட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் இப்படித் தொடங்கியிருக்கிறோம். மூன்று வீட்டிலும் முதியோர் இருக்கிறார்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று பேரையும் இருத்துவோம். ஒருவர் பார்த்துக்கொள்ள மற்ற ரெண்டு வீட்டுப் பெண்களுக்கும் ஓய்வு. மூன்று கிழமை ஒழுங்காக நடந்தது, நாலாவது கிழமை மழையால் குழம்பிப் போனது, பிறகு திரும்பத் தொடங்கினோம். பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர்கள் சேர விரும்பினால் நேரில் வந்து பேசுங்கள்.

பாலத்தடியில் உம்மாவைப் பிடித்து நிறுத்திய அந்தத் தம்பியை மறக்க மாட்டோம். இப்போது உம்மாவின் கையில் போன் இலக்கம் எழுதிய ஒரு பட்டி கட்டியிருக்கிறோம். கதவின் மேற்பக்கம் ஒரு கொளுக்கியும் போட்டாச்சு. சில பின்னேரங்களில் நாங்களே உம்மாவைக் கைபிடித்துப் பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறோம். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இண்டைக்குப் பாத பிந்திட்டு போல" என்போம். "அப்ப வீட்ட போய் இருப்பம்" என்று அவரே திரும்பி நடப்பார்.

தங்கச்சி போன மாதம் மூதூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கி வந்தா. சீனிக் கிளினிக்குக்கும் திரும்பப் போகிறா. உம்மா குணமாகவில்லை, குணமாகவும் மாட்டார். எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காக்காவின் பெயர் போய்விட்டது. தங்கச்சியின் பெயர் இன்னும் இருக்கிறது.

இதை வாசிக்கும் காக்காமார், நானாமாரே, இந்த வெள்ளிக்கிழமை பிஸ்கட் பைக்கற்றோடு போகும்போது, தங்கச்சியிடம் "உம்மா எப்படி" என்று கேட்க முன் "நீ எப்ப தூங்கின" என்று கேளுங்கள்.

எங்கள் உம்மாவுக்கும் எல்லோருடைய பெற்றோருக்கும் துஆச் செய்யுங்கள்.